புத்தகத்தில் ஒரு பேர்தான் எழுதலாம்

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கினோம். மூன்று பேர் வாங்கிய பைக்கில் சட்டப்படி இரண்டு பேர்தான் ஏறலாம். ஏறுகிற இரண்டு பேரில் ஒருவர்தான் ஓடலாம். புத்தகத்தில் ஒருவரின் பேரைத்தான் எழுதலாம். வாங்க வெளிக்கிட முதல் இந்தக் கணக்கை நாங்கள் போட்டுப் பார்க்கவில்லை. என்ன நிறம், எத்தனை கிலோமீற்றர் ஓடினது, கேட்கிற விலையில் எவ்வளவு குறைப்பினம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தோம்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லவேணும். அளவெட்டியில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகளில் வளர்ந்த ஒன்றுவிட்ட சகோதரங்கள் நாங்கள். மூத்தவள் அப்போது கலைப்பீடத்தில் மூன்றாம் வருசம். நடுவிலானும் இளையவனும் அதே பீடத்துக்குப் புதுசாய்ப் போகத் தொடங்கியவர்கள். வீட்டிலிருந்து திருநெல்வேலி கம்பஸ் வாசலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் இருக்கும். மல்லாகம் சந்திக்கு வந்து கே.கே.எஸ். வீதியால் வாற பஸ்ஸைப் பிடித்து, இறங்கின பிறகு இன்னொரு துண்டு நடக்கவேணும். எட்டு மணி லெக்சருக்கு ஆறரைக்கே வீட்டால் வெளிக்கிடுவோம். பின்னேரம் திரும்பி வர இருட்டிவிடும். இருட்டினால் மூத்தவளைக் கூட்டிவர யாராவது சைக்கிளோடு சந்தியில் நிற்கவேணும். அவளுக்கு அதுதான் பிடிக்காது. "நான் என்ன பார்சலா, ஆக்கள் வந்து எடுத்துக்கொண்டு போக?" என்பாள்.

ஆகவே ஒரு வண்டி தேவை என்பதில் மூன்று பேருக்கும் ஒரே கருத்து. என்ன வண்டி என்பதில்தான் பிரச்சினை. தேவைக்கு ஒரு ஸ்கூட்டி காணும். ஆசைக்குத்தான் ஆர்15. இளையவர்கள் இருவரும் ரியூசனுக்குப் போன காலத்தில் ஒரு அண்ணை நீலநிற ஆர்15இல் வந்து இறங்குவார். அந்தக் காட்சியில் இருந்து இரண்டு பேரும் இன்னும் வெளியே வரவில்லை. யமகா ஆர்15 இந்தியாவில் 2008இல் வந்தது. 2011இல் வந்த இரண்டாவது பதிப்பை நாங்கள் 'வீ-ரூ' என்போம். 149 சிசி, தண்ணியில் குளிர்கிற எஞ்சின், ஆறு கியர், குனிந்து பிடிக்கிற கைபிடி, பின்னுக்கு இருக்கிறவரைத் தூக்கி வைத்திருக்கிற துண்டுச் சீற். ஊர் ஒழுங்கைக்கு அதில் ஒன்றும் தேவையில்லை என்று எங்களுக்கும் தெரியும்.

காசு மூன்று இடத்தால் வந்தது. அரைவாசி மூத்தவளுடையது. பின்னேரங்களில் ஓ.எல். பிள்ளைகளுக்குத் தமிழும் வரலாறும் படிப்பித்துச் சேர்த்தது. நடுவிலானுடையது, ஏ.எல். முடித்துக் கம்பஸ் கிடைக்கும்வரை ஒரு ஹாட்வெயார் கடையில் நின்று உழைத்த சம்பளம். இளையவனுடையது அவனுடைய அம்மாவின் சீட்டுக்காசு.

நாங்கள் தேடத் தொடங்கியது 2024இல். வாகன இறக்குமதியை 2020 பங்குனியில் நிப்பாட்டினவர்கள். சொந்தப் பாவனைக்கான வண்டிகளுக்கு அது திரும்பத் திறந்தது 2025 மாசியில்தான். இடைப்பட்ட காலம் முழுக்க நாட்டுக்குள் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. புதுசு வராத இடத்தில் பழசுக்கு விலை ஏறும். பத்து வருசம் ஓடின பைக்கை வாங்கினதைவிடக் கூட்டி விற்கிற ஆக்களையும் நாங்கள் கண்டோம். "கொஞ்சம் பொறுங்கோ, புதுசு வரும்" என்றார் பெரியப்பா. நாலு வருசத்துக்கு மேலாக எல்லாரும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

போக முதல் ஊர் மெக்கானிக் அண்ணையிடம் பாடம் கேட்டோம். அவர் சொன்னதைப் போனில் எழுதி வைத்திருந்தோம். பழைய பைக் வாங்கப் போகிற ஆருக்கும் உதவும் என்பதால் அப்படியே தருகிறோம்.

"முதல்ல எஞ்சினைத் தொட்டுப் பாருங்கோ. சூடாயிருந்தா நீங்கள் வரமுதலே ஸ்ராட் பண்ணி வச்சிருக்கினம். குளிர்ந்த எஞ்சின் எப்பிடிப் பத்துது எண்டதிலதான் உண்மை தெரியும். நீலப் புகை வந்தா ஒயில் எரியுது. ஸ்போர்ட்ஸ் பைக்கில விழுந்த காயத்தை மறைக்கிறது சுகம், பிளாஸ்ரிக் கவரை மாத்தினாப் புதுசு. ஆனா கைபிடி நுனி, கால்மிதி நுனி, லீவர் நுனி, உதுகளை மாத்த மறந்துபோவினம். அங்க தேய்ச்சல் இருக்கோ பாருங்கோ. முன் போர்க்கில ஒயில் கசியுதோ பாருங்கோ. பின்னுக்கு நிண்டு ரெண்டு சில்லும் ஒரே கோட்டில நிக்குதோ பாருங்கோ. செயின் ஓடுற பல்லு கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தா எல்லாத்தையும் செற்றா மாத்தவேணும், அந்தக் காசை விலையில கழியுங்கோ. ரயர்ல நாலு இலக்கம் இருக்கும். 3519 எண்டா 2019ஆம் ஆண்டு 35ஆவது கிழமை செய்தது. ரயர் பூ நல்லாயிருந்தாலும் வயது போனா ரப்பர் இறுகிப்போம். கடைசியா, கழுத்தில அடிச்சிருக்கிற சசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் புத்தகத்தோட ஒவ்வொரு இலக்கமா ஒப்பிட்டுப் பாருங்கோ. அது சரிவராட்டி மிச்சமெல்லாம் சரியெண்டாலும் திரும்பி வாங்கோ."

முதல் பைக்கை பேஸ்புக்கில் கண்டோம். தென்மராட்சிப் பக்கம். சிவப்பு நிறம். கழுவித் துடைத்து வெயிலில் நிறுத்தியிருந்தார் விற்கிறவர். எஞ்சின் சூடு. எஞ்சின் நம்பருக்கு மேல் கறுப்பாய் ஏதோ படிந்திருந்தது. "அது கிறீஸ், தம்பி" என்றார். துணியால் தேய்த்துப் பார்த்தோம். கடைசி இரண்டு இலக்கம் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. புத்தகத்தில் இருந்த பேரும் அவருடையதில்லை, வேறு மாவட்டத்து ஆள். "அவரை எனக்கும் தெரியாது. ஓப்பின் பேப்பர் இருக்கு, ஒண்டுக்கும் பயமில்லை" என்றார்.

ஓப்பின் பேப்பர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: புத்தகத்தில் பேர் உள்ளவர் உரிமைமாற்றப் படிவத்தில் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவரின் இடம் வெறுமையாய் இருக்கும். அந்த வெற்றுப் படிவத்தோடு வண்டி இரண்டு மூன்று கை மாறும். ஒருவரும் தன் பேரை எழுதமாட்டார். செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம். வண்டி ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், திணைக்களத்தின் பதிவில் அது எப்போதோ விற்ற ஒருவரின் வீட்டில் நிற்கும்.

உண்மையைச் சொன்னால், இளையவர்கள் இருவரும் அதை வாங்கத் தயாராய் இருந்தார்கள். மற்ற இடங்களைவிட ஐம்பதாயிரம் குறைவு. நிறமும் சிவப்பு. இரண்டு இலக்கம்தானே என்று ஒரு மனம். மூத்தவள்தான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பஸ்ஸில் வரும்போது ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. மல்லாகத்தில் இறங்கும்போது சொன்னாள்: "பைக் உங்கட விருப்பம். புத்தகம் என்ர விருப்பம். ரெண்டும் சரிவந்தா வாங்குவம்."

இரண்டாவது பைக் எங்கள் ஊரிலேயே நின்றது. கிழமைக்கணக்காய்ப் போனில் தேடினோம், கடைசியில் கும்பளாவளைப் பிள்ளையார் கோயிலடியில் ஒரு கதையில் காதில் விழுந்தது. எங்கள் வீட்டிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி. ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஒரு கிழமை, மதில்களில் போஸ்டர்கள் இன்னும் கிழியவில்லை. விற்கிற அண்ணையை முகம் தெரியும், கதைத்ததில்லை. அவருடைய அம்மா திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. பைக் தகரப் பத்திக்குள் நின்றது. நீலம்.

"தொட்டுப் பாருங்கோ, குளிர். காலமை எடுக்கேல்லை" என்றார். நாங்கள் போனைப் பார்த்து ஒவ்வொன்றாய்த் தடவுவதைக் கண்டு சிரித்துவிட்டு, பிழைகளைத் தானே சொல்லத் தொடங்கினார். தெல்லிப்பழைப் பக்கம் மழைக்குள் ஒருக்கா விழுந்தது. இடப்பக்கக் கவர் மாத்தினது. முன் போர்க் சீல் போன வருசம் போட்டது. காலையில் இரண்டாம் அழுத்தலில்தான் பத்தும். பின் ரயர் இன்னும் ஆறு மாசம் காணும், அதுக்கு மேல் ஓடாதேங்கோ. பில்லுகளை ஒரு பழைய கலண்டர் மட்டைக்குள் அடுக்கி வைத்திருந்தார். இலக்கங்களைப் பார்த்தோம். எல்லாம் ஒத்து வந்தன.

"ஓடிப் பாருங்கோ. லைசன்ஸ் ஆரிட்ட இருக்கு?"

இளையவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருந்தது மூத்தவளிடம் மட்டும்தான். மாமாவின் பழைய மோட்டார் சைக்கிளில் பழகி, 100 சிசிக்கு மேல் ஓடக்கூடிய லைசன்ஸ் எடுத்திருந்தாள். அது எங்களுக்குத் தெரியாத விசயமில்லை. ஆனால் ஆர்15ஐயும் அவளையும் சேர்த்து ஒருநாளும் யோசித்ததில்லை. அவள் பின்னுக்கு இருந்து வருவாள் என்றே நினைத்திருந்தோம். அரைவாசிக் காசு அவளுடையது என்பதும் அந்த நினைப்பைக் குழப்பவில்லை. இதை எழுதும்போது வெட்கமாய் இருக்கிறது.

அவள் தலைமயிரைக் கட்டி ஹெல்மெற்றைப் போட்டு ஏறினாள். கால் நுனிதான் நிலத்தில் முட்டியது. முதல் கியரில் ஒருக்கா நின்றுபோனது. திரும்ப எடுத்து, படலையால் வெளியே போய், ஒழுங்கையின் முடிவில் திரும்பி வந்தாள். திண்ணையில் இருந்த அம்மா கீரையை வைத்துவிட்டு எழும்பி நின்று, "பாத்து மோனை, பாத்து" என்றா. இறங்கினவளின் கை நடுங்கிக்கொண்டிருந்தது, முகம் வேறுமாதிரி இருந்தது. "கிளட்ச் கொஞ்சம் இறுக்கம்" என்று மட்டும் சொன்னாள்.

ஐந்து இருபது சொன்னார், ஐந்துக்கு வந்தார். பிறகு கேட்டார்: "ஆற்ற பேரில மாத்தப் போறியள்?"

நாங்கள் விழுங்கினோம். இப்போதைக்கு ஓப்பின் பேப்பரில் தாருங்கோ அண்ணை, பிறகு ஆறுதலாய் மாத்துறம் என்றான் நடுவிலான். செலவு ஒரு காரணம். உண்மையான காரணம், மூன்று பேருக்கும் அதற்குப் பதில் தெரியாது.

"அப்பிடியெண்டா நான் விக்கேல்லை" என்றார் அண்ணை. பிறகு தன்னுடைய கதையைச் சொன்னார்.

அவரும் இந்தப் பைக்கை 2021இல் ஓப்பின் பேப்பரில்தான் வாங்கினவர். ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் போனது. வரிசையில் இரவிரவாய் நின்றார்கள். ஆடி மாசம் கியூஆர் முறை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். வண்டி நம்பரையும் சசி நம்பரையும் அடித்துப் பதியப் போனால், அந்த வண்டி ஏற்கெனவே பதியப்பட்டிருக்கு என்று வந்தது. "அவரைப் பிழை சொல்லேலாது. சட்டப்படி அது அவற்ற வண்டிதானே. என்னட்ட பைக் இருக்கு, அவரிட்ட பெற்றோல் இருக்கு." நாலு மாசம் பைக் இதே பத்திக்குள் நின்றது. அவர் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தார். ஆள்மேல் ஆள் பிடித்து, முதல் உரிமையாளரைக் கண்டுபிடித்து, கெஞ்சிப் புதுக் கையொப்பம் வாங்கித்தான் தன் பேருக்கு மாத்தினார்.

"இப்ப நான் வெளிய போறன். மாசக் கடைசி. நீங்கள் என்ர பேரில ஓடி எங்கையாவது ஆரையாவது இடிச்சா பொலிஸ் இந்தப் படலைக்குத்தான் வரும். நான் இருக்கமாட்டன். அம்மா தனிய." அவர் எந்த நாட்டுக்கு, எந்த வழியால் போகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதை ஒருவரும் முகத்துக்கு நேரே கேட்பதில்லை.

அன்றிரவு வளவுக்குள் கூட்டம் நடந்தது. நடுவிலானின் பேரில் எழுதுங்கோ, அவன் லைசன்ஸ் எடுப்பான்தானே என்றார்கள். "பெட்டையின்ர பேரில ஸ்போர்ட்ஸ் பைக்கோ? நாளைக்குக் கலியாணம் பேச வாறவை என்ன நினைப்பினம்?" என்று பெரியம்மா கேட்டா. அவ இருந்து கேட்டது தன்னுடைய பேரில் இருக்கிற வீட்டில். எங்கள் ஊரில் வீடும் காணியும் சீதனமாய்ப் பெண்ணின் பேரில் இருப்பது ஒருவருக்கும் புதுமையில்லை.

மூத்தவள் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். தேசவழமை ஆக்களுக்கு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி கலியாணம் கட்டின பெண் தன் பேரில் உள்ள காணியையோ வீட்டையோ விற்பதென்றால் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். அசையும் சொத்துக்கு அது தேவையில்லை. "பெரியம்மா, உங்கட பேரில இருக்கிற வீட்டை நீங்கள் நினைச்சபடி விக்கேலாது. என்ர பேரில பைக் இருந்தா நான் நினைச்ச நேரம் விப்பன். இந்த வளவில உண்மையா ஒரு பொம்பிளையின்ர எண்டு சொல்ல முதல் வாற சாமான் இதுதான்." பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கோபம்தான், ஆனால் சிரித்தமாதிரியும் இருந்தது.

பெரியப்பா எழும்பி உள்ளே போய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தார். ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஓரம் செல்லரித்த, கடும் பழுப்பான மோட்டார் சைக்கிள் புத்தகம். அவருடைய எம்.டி. 90. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டினது, பத்தவைக்க மட்டும் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல். 1995 ஐப்பசி 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது பெற்றோலும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. பைக்கைப் பத்திக்குள் விட்டு, புத்தகத்தை மடிக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனவர். அடுத்த வருசம் திரும்பி வர பைக் இல்லை. "நாளைக்கு ஆரேன் தந்தா, என்ர எண்டு காட்ட ஒண்டு வேணுமெல்லோ" என்றார். இருபத்தொன்பது வருசமாய் அவரிடம் புத்தகம் இருக்கிறது, பைக் இல்லை. பைக் இருந்து புத்தகம் இல்லாத ஆக்களை நாங்கள் அந்தக் கிழமைதான் கண்டு வந்திருந்தோம்.

"லைசன்ஸ் உள்ளவளின்ர பேரில எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

அடுத்த சில நாட்களில் படிவங்கள் நிரப்பி, அடையாள அட்டைப் பிரதிகள் வைத்து, அண்ணை எங்களுக்கு முன்னால் கையொப்பம் வைத்தார். புகைச் சான்றிதழும் காப்புறுதியும் புதுசாய் எடுத்தோம். லீசிங் கொம்பனியின் பேர் எங்கேயும் நிற்கவில்லை என்பதை மூத்தவள் இரண்டுதரம் பார்த்தாள். புதுப் புத்தகம் என்று வந்தது உண்மையில் ஒரு தாள்தான். பழைய பழக்கத்தில் ஊரெல்லாம் அதைப் புத்தகம் என்கிறது. அதில் அவளுடைய பேர். மற்ற இரண்டு பேரின் காசு எவ்வளவு என்று ஒரு கொப்பித் தாளில் எழுதி மூன்று பேரும் கையொப்பம் வைத்தோம். சகோதரங்களுக்குள் இது என்னத்துக்கு என்று கேட்டார்கள். சகோதரங்கள் என்றபடியால்தான்.

காசு கொடுத்து பைக்கை எடுக்கப் போன பின்னேரம் அண்ணை கனக்கக் கதைக்கவில்லை. திறப்பைத் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மாதான் படலை வரை வந்தா. "பிள்ளை, ஒரு சொல்லு. இரவில உந்த ஒழுங்கையால போகாதேங்கோ. சத்தம் கேட்டா நான் படலை திறக்க எழும்பிப்போடுவன்."

நாங்கள் ஒன்றும் விளங்காதமாதிரித் தலையாட்டினோம். பிறகுதான் விளங்கியது. வேலை முடிந்து மகன் வருகிறதை மூன்று வருசமாய் அவ அந்தச் சத்தத்தில்தான் அறிந்திருக்கிறா. தவில்மேதை தட்சிணாமூர்த்தி வாழ்ந்த ஊர் இது. அடுத்த தெருவில் ஆர் வாசிக்கினம் என்று வீட்டுக்குள் இருந்தே சொல்லுகிற கிழவர்கள் இன்னும் இருக்கினம். ஒரு தாய்க்கு மகனின் எஞ்சின் சத்தம் தெரியாமல் போகுமா? பழைய பைக் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்கவேணும் என்று போனில் எழுதி வைத்த பட்டியலில் இது இருக்கவில்லை.

இன்றைக்கு மூன்று பேரிடமும் லைசன்ஸ் இருக்கிறது. கிழமையில் ஒவ்வொரு நாளும் ஒருவர் முறை வைத்து பஸ்ஸில் போகிறோம். சந்தியில் நிற்கிற பெடியள் மூத்தவளைக் கண்டு முதலில் கூவினார்கள், இப்போது ரயர் எங்கே மாத்தினது என்று கேட்கிறார்கள். அண்ணை போய்ச் சேர்ந்துவிட்டார். பகலில் அந்த ஒழுங்கையால் போனால் அம்மா மறித்து, மகன் வீடியோ கோலில் பைக்கை விசாரித்ததாய்ச் சொல்லுவா. "பின் ரயர் மாத்தியாச்சோ எண்டு கேட்டவன்."

மாத்தியாச்சு அம்மா, சொல்லுங்கோ.

இரவில் வந்தால் மற்ற வீதியால் சுற்றித்தான் வருகிறோம். அரைக் கிலோமீற்றர் கூட.